ஹூட்டரை நிறுத்தினால் போதுமா?

அனல்மின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் டூட்டி பார்த்தவர்களுக்கு இது தெரியும். எங்காவது கோளாறு என்றால் ஹூட்டர் அலறும், பேனலில் அதற்குரிய கட்டம் மின்னும். 'அக்செப்ட்' பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் விளக்கு அணையாது, நிலையாக எரிந்துகொண்டே இருக்கும். கோளாறைச் சரிசெய்து 'ரீசெட்' கொடுத்தால்தான் அணையும். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது எரியும் கட்டங்களை. பிறகு லாக் புக்கை.

சத்தத்தை நிறுத்துவது வேறு, கோளாறை நீக்குவது வேறு. நெய்வேலியில் கற்ற இந்தப் பாடம் ஓய்வு பெற்ற பிறகு ஒரு சர்வர் முன்னால் நின்றபோது நினைவுக்கு வந்தது.

தெரிந்த ஒரு சேமிப்புச் சங்கத்தில் சர்வர் படுத்துவிட்டது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று ஹார்டு டிஸ்க்குகள், ரெய்டு 5 முறையில். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டை வைத்து வண்டி ஓடும். இரண்டாவதும் கெட்டால் எல்லாம் போய்விடும். இரண்டும் கெட்டிருந்தன.

"முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஆறு வாரம் முன்னாடி பீப் பீப்னு கத்திக்கிட்டே இருந்துச்சு சார். போன்ல கேட்டு சத்தத்த நிறுத்திட்டோம். அப்புறம் நல்லாத்தான் ஓடுச்சு."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அக்செப்ட் அழுத்தச் சொன்னவர்கள், எரிகிற விளக்கைப் பார்க்கச் சொல்லவில்லை.

சர்வர் தன் கடமையைச் செய்திருந்தது. அதன் மதர்போர்டில் பிஎம்சி என்ற குட்டிக் கணினி ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று தனி பிராசஸர், தனி நினைவகம். சர்வரை அணைத்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை விழித்திருக்கும். வெப்பம், ஃபேன் வேகம், வோல்டேஜ், பவர் சப்ளை எல்லாவற்றையும் கவனித்துத் தேதி நேரத்தோடு எழுதிவைக்கும். இதற்கான பொது விதிமுறையான ஐபிஎம்ஐயை இன்டெல், டெல், எச்பி, என்இசி நிறுவனங்கள் 1998இல் கொண்டுவந்தன. பிஎம்சிக்கான மென்பொருளை எழுதும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸுக்குச் சென்னையிலும் மையம் இருக்கிறது.

அந்தச் சங்கத்தின் சர்வரிலும் முதல் டிஸ்க் கெட்ட நாள், மணி, நிமிடம் பதிவாகியிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. பேக்கப்பையும் அதே டிஸ்க்கில்தான் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் ரசீதுகளைக் கொண்டுவர, கணக்கை மறுபடி ஏற்றினார்கள். ரசீதைத் தொலைத்துவிட்ட ஓர் அம்மா, காலமான தன் கணவர் கட்டிய தவணைகளை எப்படி நிரூபிப்பது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

"அதுதான் தானாக மெயில் அனுப்புமே" என்று சிலர் சொல்வார்கள். அனுப்பும், யாராவது முகவரி கொடுத்திருந்தால். கொடுத்தவர் மாற்றலாகிப் போயிருந்தால் அந்த மெயிலும் போய்ச் சேராது. பல சர்வர்களில் அந்தப் பதிவேடு நிரம்பிவிட்டால் அதன்பின் எழுதுவதே நின்றுவிடும். கருவி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் கடைசியில் ஒரு மனிதக் கண் வேண்டும்.

சர்வர் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதைப் பார்க்க ஒரு பெயரையும் ஒதுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. காலையில் வந்ததும் முன்பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அதே நோட்டின் அட்டையில் இருக்கட்டும். பிஎம்சியின் பாஸ்வேர்டை வந்தபடியே விடாமல் மாற்றுங்கள். அதை நேரே இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். அதற்குள் நுழைந்தவர் சர்வரையே அணைத்துவிடலாம்.

ஒரு டிஸ்க்கின் விலை சில ஆயிரம் ரூபாய். ஆறு வாரம் அவகாசமும் இருந்தது. உங்கள் பணமோ பென்ஷன் கணக்கோ இருக்கும் சங்கத்துக்கு அடுத்த முறை போகும்போது, சர்வர் விளக்கை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.