டென்ட் போடறதுக்கு முன்னாடி கலங்கலைப் பாருங்க

ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், வர்ற நவம்பர்ல ஏதாவது ஏரிக்கரைல டென்ட் போட்டு ராத்தங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. கேரவன் எல்லாம் நமக்கு சினிமாக்காரங்க சமாச்சாரம். ஒரு கார், ரெண்டு வாடகை டென்ட், அவ்ளோதான். இடம் பார்க்கற வேலை என் தலைல. போட்டோவுல தண்ணி எவ்ளோ பக்கத்துல தெரியுதுன்னுதான் எல்லாரும் பார்க்கறாங்க. என்னைக் கேட்டா, அதைக் கடைசியாப் பார்க்கணும்.

நம்ம ஊர் ஏரிகளுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கரை. எதிர்ப்பக்கம் மெல்லிய சரிவு. சித்திரைல புல்தரையா இருக்கற இடம், ஐப்பசி மழைல ஏரிக்குள்ள போயிடும். அதனால உள்ளூர்ப் பெரியவர் யார்கிட்டயாவது ரெண்டே கேள்வி கேளுங்க: ஏரி ரொம்பினா தண்ணி எதுவரைக்கும் வரும்? கலங்கல் எந்தப் பக்கம்? ரெண்டுக்கும் தள்ளி, மேட்டுல டென்ட் போடுங்க.

ஏன் இவ்ளோ பயம்னா, நான் தி.நகர்க்காரன். 1920கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான பேட்டை. பக்கத்துல மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு, லேக்தான் இல்லை :-) 2015 டிசம்பர்ல தண்ணி பழைய விலாசம் தேடி வந்தப்போ, எங்க வீட்டுக் கூடத்துல முழங்கால் ஆழம்.

ஏரிக்குள்ள வீடு கட்டினது தாத்தா காலத்துத் தப்பு. தெரிஞ்சே டென்ட் போட்டா அது நம்ம தப்பு. பொங்கல் கழிச்சுப் போலாம்னு சொல்லியிருக்கேன். மழையும் ஓய்ஞ்சிருக்கும், ஏரியும் நிறைஞ்சிருக்கும். நீங்க என்ன சொல்றீங்க?