நூற்று இருபத்தைந்து மதிப்பெண்ணும் நம் பிள்ளைகளும்

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தங்கவயல் வீடுகளில் ஒரே கேள்விதான்: "எவ்வளவு?" கேள்வி தவறல்ல. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பெற்றோர் பார்த்தோம்? கர்நாடகத்தில் மொத்த மதிப்பெண் 625. இரண்டாம் மொழி, மூன்றாம் மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றுக்கும் 100. முதல் மொழிக்கு மட்டும் 125. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மொழியின் கையில் இருக்கிறது. அந்த முதல் மொழியாகத் தமிழை எடுக்க வழி இருந்தும், எடுக்கிற பிள்ளைகள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஏன்? "இப்போது கன்னடம் கட்டாயமாகிவிட்டது, இனிமேல் தமிழ் இல்லை" என்று சேர்க்கை மேசையில் யாரோ சொல்ல, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு திரும்பி வந்த தாய்மார்களை நாம் அறிவோம். 2015ஆம் ஆண்டின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படிக்க வேண்டும் என்பதுதான் அச்சட்டம். 2017-18 முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கன்னடம் இரண்டாவதாக நிற்கும்போது தமிழ் முதலாவதாக நிற்க எந்தத் தடையும் இல்லை.

இதைச் சொல்வதால் நாம் கன்னடத்துக்கு எதிரிகள் என்று எவரும் எண்ண வேண்டாம். தாலுகா ஆபீசில் மனு எழுதவும், பெங்களூரில் வேலை கேட்கவும், பக்கத்து வீட்டாரோடு மனம்விட்டுப் பேசவும் கன்னடம் வேண்டும். இந்த மண்ணின் மொழியை ஒழுங்காகப் படிக்காத பிள்ளை இந்த மண்ணில் பாதி ஊமை. நாம் கேட்பது, இரண்டும் வேண்டும் என்பதே.

சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த நம் முன்னோர் எழுத்தறியாக் கூட்டம் என்று நினைப்பவர்கள் சரித்திரம் அறியாதவர்கள். 1914இல் அயோத்திதாசப் பண்டிதர் மறைந்தார். அவர் நடத்திய 'தமிழன்' இதழ் பின்னாளில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இதே கோலார் தங்கவயலிலிருந்துதான் வெளிவந்தது. பத்திரிகை நடத்திய ஊரில் இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதத் திணறுகிறது!

சென்ற பருவத்தில் நம் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம். எந்தப் பள்ளி என்று கேட்டால் இரண்டு மூன்று பள்ளிகளாவது "எங்களைத்தான் சொல்கிறார்கள்" என்று நினைக்கும். 'பிரதிபா காரஞ்சி' போட்டிக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தமிழில் ஒப்புவிக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சொல்லிக் கொடுத்தவர் கணக்கு டீச்சர். தமிழ் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. கணக்கு டீச்சருக்கு வீட்டில் பேசுகிற மொழி தெலுங்கு. வேலூர்ப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் படிக்கத் தெரியுமாம். அந்த அம்மையாருக்கு நம் நன்றி. ஆனால் ஒரு டீச்சரின் நல்ல மனத்தை நம்பி ஒரு மொழி எத்தனை நாள் பிழைக்கும்?

அந்தப் பெண் ஒப்புவித்ததைக் கேட்டோம். முதலில் குரல் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. வகுப்பில் வாய் திறக்காத பெண் என்று ஹெட்மாஸ்டரே சொன்னார். பேச்சுப் போட்டி, சாரணர் படை, கபடி, நாடகம் இவற்றையெல்லாம் "படிப்பைக் கெடுக்கிற வேலை" என்று ஒதுக்குகிற பெற்றோர் நம்மில் அநேகர். தொழிற்சங்க மேடையில் பேசிய நம் அப்பாக்கள் எந்தப் பரீட்சையில் அதைக் கற்றார்கள்? நாலு பேர் முன் நின்று பேசப் பழகாத பிள்ளை, நாளை மேஸ்திரி கூலியைக் குறைத்தாலும் பேசாது.

ஆசிரியர் இல்லை என்றால் கேட்டுப் பெற வேண்டும். மொழிச் சிறுபான்மையினருக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் ஆசிரியர் தர வேண்டும் என்பது மாநிலங்கள் ஒப்புக்கொண்ட அளவு. உயர்நிலைக்குக் கடைசி நான்கு வகுப்புகளில் 60 பேர், வகுப்புக்கு 15 பேர். பிள்ளைகளின் மொழி விருப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடும் அந்தப் பாதுகாப்புகளில் உண்டு. பதியாத பிள்ளை கணக்கில் வராது. கணக்கில் வராததால் ஆசிரியர் வரமாட்டார். ஆசிரியர் இல்லாததால் அடுத்த ஆண்டு பதிகிறவர் இன்னும் குறைவார். இப்படித்தான் வகுப்புகள் மூடப்படுகின்றன, யாரும் பூட்டுப் போட வேண்டியதில்லை.

2014 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கர்நாடக வழக்கில், தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை, அரசு திணிக்க முடியாது என்றது. ஆங்கிலப் பள்ளிகள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடின. தேர்ந்தெடுக்கும் உரிமை தமிழ்ப் பெற்றோருக்கும் உண்டே என்று நாம்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

நம் கஷ்டமும் தெரியாததல்ல. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது முதல், விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி இரவில் திரும்புகிறவன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே ஞாயிறன்றுதான். பள்ளி மேம்பாட்டுக் குழுவின் கூட்டத்தை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, "பெற்றோர் வருவதில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவது என்ன நியாயம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வைக்கக் கோரும் மனுவோடு, தமிழ் ஆசிரியர் நியமனத்துக்கான மனுவையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறோம். மே மாதக் கடைசியில் பள்ளி திறப்பதற்குள் இரண்டும் கல்வி அலுவலர் மேசைக்குப் போக வேண்டும். மனுக்கள் தமிழிலும் கன்னடத்திலும் சங்க அலுவலகத்தில் தயாராக உள்ளன. கையொப்பமிட வருகிறவர்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, இப்போது படிக்கும் முதல் மொழி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.