பாலைவனப் பொய்கையும் பட்டணத்துத் தாகமும்

யோர்தான் தேசத்தின் கிழக்குப் பாலைவனத்திலே அஸ்ராக் என்றொரு சோலை உண்டு. சிரியாவின் துரூஸ் மலையிற் பெய்த மழை, நிலத்தின் கீழோடி வந்து அங்கே ஊற்றாய்ப் பெருகிற்று. ஐரோப்பாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே பறந்து செல்லும் புள்ளினங்கட்கு அதுவே தங்குமடம். 1967ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் 347,000 பறவைகள் அங்கே எண்ணப்பட்டன. 2000ஆம் ஆண்டில் அதே நாளிற் காணப்பட்டவை 1,200 மட்டுமே.

வரட்சியே இதற்குக் காரணமெனக் கூறி அமைவார் உளர். நாம் அதனை ஒப்புகின்றிலோம். வரட்சி பாலைக்குப் புதிய விருந்தாளியன்று. எத்தனையோ வரட்சிகளைக் கண்டும் அவ்வூற்றுக்கள் ஓய்ந்தில. 1980ஆம் ஆண்டளவிலே தொடங்கித் தலைநகராகிய அம்மானுக்கு அந்நீர் பெருங்குழாய் வழியே கொண்டு செல்லப்பட்டது. உழவரும் ஆழ்கிணறு தோண்டி இறைத்தனர். 1992இல் ஊற்றுக்கள் அடியோடு வற்றின. அவ்விடத்தன்றி வேறெங்குமில்லாத சிறுமீனினம் ஒன்று அற்றுப்போகும் நிலையை எய்திற்று. மிகுதியாய் இறைத்தாற் கிணறு உவராகும் என்பதை நம்மவர்க்கு விளக்கவேண்டுவதில்லை. அங்கும் அதுவே நிகழ்ந்தது.

தாகித்த நகரத்தாரை நாம் குறைகூறோம். குடிநீர் வேண்டுவது குற்றமாமோ? ஆயின், வரவை அறியாது செலவிட்டோரை வரட்சியின் பேரால் மன்னித்தல் எங்ஙனம்? அழிந்த ஈரநிலத்திற் பத்திலொரு பங்கையேனும் மீட்கும் முயற்சி 1994 முதல் நடைபெற்று வருகின்றது. மீனினமும் பிழைத்துக்கொண்டது. ஆனால், இன்று அப்பொய்கையிற் கிடப்பது பெரும்பாலும் குழாயால் விடப்படும் நீரே.