பஸ்ஸே வராத ஊரில் இலவசப் பயணம்

என் அம்மாவுக்கு 72 வயது. செஞ்சியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். சர்க்கரை, முழங்கால் வலி, ஒரு கண்ணில் புரை. பெரிய டாக்டரைப் பார்க்க முண்டியம்பாக்கம் போக வேண்டும். ஊரிலிருந்து செஞ்சி வரை டவுன் பஸ், காசு கிடையாது. செஞ்சியிலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், ரூட் பஸ், முழு டிக்கெட். அங்கே இறங்கி இன்னொரு பஸ். துணைக்கு நான் போவதால் எல்லாமே இரண்டிரண்டு. காலை டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது மதியம்தான். அதில் போய்ச் சேர்வதற்குள் ஓ.பி. சீட்டு கொடுப்பது முடிந்திருக்கும்.

2021 மே 7 அன்று, பதவியேற்ற நாளிலேயே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று முதலமைச்சர் கையெழுத்திட்டார். பிறகு திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் அது விரிந்தது. நல்ல திட்டம். இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு சொன்னது. புருஷனிடமோ மகனிடமோ கை நீட்டாமல் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடிந்தது என்பது அந்தக் கணக்கில் வராத லாபம். அதனால்தான் 2022இல் அமைச்சராக இருந்த பொன்முடி மேடையில் 'ஓசி' என்று சொன்னபோது எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நாற்று நட்டு, களை பறித்து, வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும் வரி கட்டுகிற பெண்ணுக்கு எது ஐயா ஓசி?

ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சண்டை போட்டோமே தவிர, பஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இந்த உரிமை பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது போலத் தெரிகிறது. உண்மையில் அது ஒருவகைப் பேருந்துக்குக் கொடுக்கப்பட்டது. நகரத்துக்காரிக்கு வேலை, ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் டவுன் பஸ் எல்லைக்குள் அடங்கிவிடும். எங்களுக்கு அடங்காது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் விழுப்புரத்தில். செஞ்சிக்கு ரயிலும் இல்லை. டவுன் பஸ் எட்டாத கிராமங்களுக்கு மினி பஸ் விடுகிறோம் என்கிறார்கள். அது தனியார் வண்டி, ஏறினால் காசு. ஆக, எவள் தொலைவில் இருக்கிறாளோ அவளே கொடுக்க வேண்டும்.

வழியில்லை என்று சொல்லாதீர்கள். கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து சொகுசுப் பேருந்துகள் தவிர மற்றவற்றில் மாநிலத்தின் எந்த மூலைக்கும் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகிறார்கள். தெலங்கானாவில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸிலும் போகலாம். இங்கேயே நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்குத் திட்டத்தை விரிவாக்க 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மலைக்கு வளைகிற விதி செஞ்சிக்கும் வளையும்.

ஒருங்கிணைக்கவும் தெரியாமல் இல்லை. மேல்மலையனூரில் அமாவாசை என்றால் எத்தனை ஊர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள்! திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கும் அப்படியே. அங்காளம்மனைப் பார்க்கப் போகிறவளுக்கு நேரம் பார்த்து வண்டி விட முடிகிறது. அதே கிழவி கண்ணைக் காட்டப் போனால் அவள்பாடு.

படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என் இடுப்பளவுக்கு இருக்கிறது முதல் படி என்பாள் அம்மா, கொஞ்சம் மிகைதான். ஆனால் நான் பின்னாலிருந்து தூக்கிவிடாமல் அவள் ஏறியதில்லை. போன மாதம் ஓட்டுநர் நிறுத்தத்தைத் தாண்டி இருபதடி தள்ளி நிறுத்தினார். "சீக்கிரம் ஏறு ஆயா" என்று ஒரு குரல். ஓட முடிந்தால் அவள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்? மாற்றுத்திறனாளிகள் ஏறி இறங்கும்படி பேருந்து இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். சென்னையில் தாழ்தளப் பேருந்து ஓடுகிறது. எங்கள் தடத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்குக் கட்டணமில்லை, ஏற வழியுமில்லை.

துணைக்கு வருபவருக்கும் இலவசம் என்கிறது அரசாணை. அந்தத் துணை யார்? மகளோ மருமகளோதான். அவள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறாள். இரண்டு பஸ்ஸுக்கு நடுவே அவள் காத்திருக்கிற மணிநேரமும் அவள் தலையில்தான்.

என் அப்பாவுக்கும் டிக்கெட் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். இங்கே கிடையாது. அப்பாவின் பஸ் காசும் அம்மாவின் சுருக்குப்பையிலிருந்துதான் போகிறது.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. இனி சுற்றுலாவுக்கு வண்டிகள் வரும், வரட்டும். அதற்கு முன் செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் வரை, ஓ.பி. நேரத்துக்குப் போய்ச் சேர்கிற மாதிரி, நேராக ஒரு கட்டணமில்லாப் பேருந்து விடுங்கள். மதியம் அதுவே திரும்பட்டும். நேரத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து போடாமல், செஞ்சி பேருந்து நிலையத்தில் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கேட்டுப் போடுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கண் காட்ட வேண்டும். காலை பஸ் வராவிட்டால் ஆட்டோவுக்கு என்று இப்போதே காசு எடுத்து வைத்திருக்கிறாள்.