இறுக்கமும் இதமும்

காரைக்காலம்மையார் கயிலையில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறினார் என்கிறது பெரியபுராணம். பனிமலைக்குப் போன அவருக்குக் காலணிக் கவலை இருந்ததில்லை. அதே காரைக்காலை ஒட்டிய தருமபுரத்திலிருந்து குல்மார்க்கிற்குப் பனிச்சறுக்கக் கிளம்புவோருக்கு அது உண்டு.

செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம், விரல் விரிந்து அகன்றிருக்கும். பூட்ஸ் சற்றே பிடித்தாலும் ஓர் அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிவிடுகிறோம். முதலிரண்டு நாள் கற்பவருக்கு அதனால் பெரிய பாதகமில்லை. திருப்பங்கள் கைவரத் தொடங்கியவருக்கு அதுவே முட்டுக்கட்டை. முழங்காலை முன்சாய்த்துக் கொடுக்கும் அழுத்தம் பலகையின் விளிம்பைச் சேருமுன் குதிகால் உள்ளே எழும்பிவிடுகிறது. உடனே விரல்களை மடக்கிப் பற்றுகிறோம், கொக்கிகளை மேலும் இறுக்குகிறோம், பாதம் மரத்துப்போகிறது. பூட்ஸ் பெரிதானதால் வந்த வலியைச் சிறிதானதால் வந்ததென்று நம்பி, அடுத்த முறை இன்னும் பெரிதாகக் கேட்கிறோம்!

உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை நுழைத்துப் பாருங்கள். விரல்நுனி முன்சுவரைத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னே ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. இடைவெளி போதும். அகலம் போதாதவர் நீளத்தைக் கூட்டலாகாது; முன்பாதம் 102 மி.மீ. வரையும் அதற்கு மேலும் அகன்ற ஓடுகள் தனியே உண்டு. காலுறை மெல்லியதாக ஒன்றே ஒன்று. நிமிர்ந்து நிற்கையில் விரல் முட்டும். முழங்காலை மடக்கினால் விலகும். அதுதான் சரியான அளவு. விறைப்பைக் குறிக்கும் 80, 100 போன்ற எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுபவை. அவற்றைப் பட்டம்போலச் சுமக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் அவசரப்படுத்துவார். கொக்கி மாட்டிப் பத்து நிமிடம் நின்றுபார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.