பிரைமர் அழுத்தமானி அல்ல

பிரைமர் என்பது தோட்டா உறையின் அடியில் பதிந்து, துப்பாக்கியின் ஊசி அடித்ததும் தீ எழுப்பி வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகக் கிண்ணமாகும். சுட்டபின் அதன் விளிம்பு தட்டையாகாமல் உருண்டிருந்தால் அழுத்தம் வரம்புக்குள் இருந்தது என்று கொள்ளலாம் என, கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மறுநிரப்புவோர் சிலர் வாதிடுவது ஆபத்தான பிழை. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ-யின் தரநிலையில் .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 9 மி.மீ. லூகரின் உச்சமோ 35,000. இரண்டிலும் பொருத்தப்படுவது ஒரே அளவுப் பிரைமர்தான். ஆகவே .38 ஸ்பெஷல் தன் வரம்பைப்போல் இருமடங்கை எட்டிய பின்னும், அதன் பிரைமர் வழக்கமான 9 மி.மீ. உறையில் காண்பதைப் போலவே குறையின்றித் தோன்றக்கூடும். அதைச் சுடும் பழைய ரிவால்வரின் உருளையோ அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று.

தட்டையான பிரைமரும் நம்பத்தக்க சாட்சியன்று. உறைக்கும் அதன் பின்னுள்ள எஃகு முகத்துக்கும் இடைவெளி மிகுந்தால், பிரைமர் முதலில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பிறகு உறை வந்து மோதுகையில் நசுங்குகிறது. கிண்ணத்தின் உலோகம் மென்மையாக இருந்தாலும் இதே தோற்றம் வரும். ஊசித்துளை அகன்றிருந்தால், அழுத்தம் மிகாமலே ஊசியின் அடித்தழும்பைச் சுற்றி மேடும் எழும்.

வேறு வழி இல்லாததால் பிரைமரைப் பார்க்கிறோம் என்ற சமாதானமும் நிற்காது. அழுத்த உணரிகளால் சோதித்து வெளியிடப்பட்ட நிரப்பு அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறி, குண்டின் வேகத்தைக் குரோனோகிராஃப் கருவியால் அளந்து, அட்டவணை சொல்லும் வேகத்தை அது மீறினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.