குட்டியின் சாதம் ஆறிப்போகிறதா?

அம்பத்தூரோ ஆவடியோ, வீட்டுக்கு வீடு இதே கதைதான். ஹை சேரில் உட்காரும் குட்டி ஒரு கிண்ணம் பருப்பு சாதத்தை முடிக்க அரை மணி நேரமாகிறது. தலைக்கு மேல் ஃபேன் வேறு. பாதியிலேயே சாதம் ஆறி இறுகிவிட, வாயில் வைத்ததும் துப்பல்!

இதற்குப் பாட்டிகளின் வழி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சாதக் கிண்ணத்தை வைப்பது. கடையில் கிடைக்கும், அடியில் வெந்நீர் ஊற்றும் கிண்ணமும் அதேதான். வழி சரி, ஆனால் ஹை சேர் ட்ரேயில் மட்டும் வேண்டாம். குட்டிக் கை ஒரு தட்டு தட்டினால் வெந்நீர் மடியில். பெல்ட் போட்டிருக்கும் குழந்தையால் விலகவும் முடியாது. 60 டிகிரி செல்சியஸ் நீரே சில நொடிகளில் பிஞ்சுத் தோலை வெந்துபோகச் செய்துவிடும்.

வெந்நீர்ப் பாத்திரம் கிச்சன் மேடையிலேயே இருக்கட்டும். ட்ரேயில் மூன்று ஸ்பூன் சாதம் போதும், தீர்ந்ததும் மறுபடி. அகலத் தட்டைவிடக் குழிவான கிண்ணம் சூடு தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும். நன்றாகக் கிளறி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்து ஊட்டுங்கள்.

சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம ஊர் மே மாதத்தில் அதுவே அதிகம். எச்சில் ஸ்பூன் பட்ட மிச்சம் அடுத்த வேளைக்கு ஆகாது.

வெந்நீர் கொட்டிவிட்டால், காயத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.